நண்டு வண்டிக்குப் பின் ஆக்சில் தேடியது

என் மகள் ஓட்டிக்கொண்டு போன காரை அதன் சக்கரமே முந்திக்கொண்டு போயிற்று. இதைச் சொன்னால் எங்கள் குப்பத்தில் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்கள்.

பொன்னேரி தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறி வேகம் பிடிக்கிற இடம் அது. பின்னால் கூடை கூடையாக உயிர் நண்டு. இடது பக்கம் ஏதோ வெடித்த மாதிரிச் சத்தம். என்னவென்று அவள் நினைப்பதற்குள், பின் சக்கரம் இடது ஜன்னலை ஒட்டி உருண்டு, வண்டிக்கு முன்னால் போய், முள்ளுக்காட்டுக்குள் குதித்தது. வண்டியின் பின்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் கால் அடிவரை போகிறது, பிடிப்பு இல்லை. சக்கரத்தோடு பிரேக்கும் பிய்ந்து போயிருந்தது. பின்னால் வந்த லாரி ஆரன் அடித்துக்கொண்டே ஒரு கை தூரத்தில் ஒதுங்கிப் போனது. அவள் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்து, இரும்பு ரோட்டில் தேய்ந்து நெருப்புப் பறக்க, ஓரத்து மணலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அவளுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குப் பிள்ளை என்று அவள் ஒருத்திதான்.

நான் படித்தது சொற்பம். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் மெதுவாகத்தான் வரும். ஆனால் நண்டு விஷயத்தில் பழவேற்காட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சேற்று நண்டை வாங்கி, கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கு போர்த்திப் பட்டணத்துக்கு உயிரோடு கொண்டுபோகிற வேலையை லைட்ஹவுஸ் குப்பத்தில் முதலில் தொடங்கியவள் நான். பஸ்ஸில், ரயிலில், பால் வண்டியில் எல்லாம் கொண்டுபோயிருக்கிறேன். விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் உயிர் நண்டைத்தான் வாங்குவார்கள். செத்த நண்டு குப்பைக்குத்தான். இந்த வேலையில் நேரம் தவறினால் எல்லாம் போயிற்று.

அந்த நேரத்துக்காகத்தான் மாப்பிள்ளை இந்தக் காரைச் செய்தார். அவர் ஆரம்பாக்கத்துப் பிள்ளை, மெக்கானிக். பின் சக்கரம் தள்ளி ஓடுகிற பழைய காலத்துக் கார் ஒன்றைப் பிடித்து வந்து, அதன் கிழ இஞ்சினைக் கழற்றிப் போட்டு, பெரிய ஜீப்பு ஒன்றின் இஞ்சினை வைத்தார். முறைப்படி பேப்பரிலும் ஏற்றினார். பின் சீட்டை எடுத்துவிட்டுக் கூடைக்கு இடம் பண்ணினார். வெளியே பார்த்தால் கல்யாணத்துக்குப் போகிற கிழவர் மாதிரி இருக்கும். மிதித்தால் ஆள் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். 

"நூத்தம்பது குதிரை கட்டிக்கீறேன் அத்தை," என்று அன்றைக்கு மார் தட்டினார்.

சக்கரம் கழன்ற வண்டியை இழுத்து வந்து வீட்டு வாசலில் போட்ட சாயங்காலம் நான் கேட்டேன். "குதிரைய கட்டுனீங்களே மாப்ளே, கால் யாருதுனு பாத்தீங்களா?"

அவர் முறிந்த இரும்புத் தண்டை, அந்த ஷாப்டை, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முறிந்த வாய் முறுக்குப் பிழிந்தது போலச் சுழன்று கிடந்தது.

மகள்தான் பேசினாள். "அமாவாசத் தண்ணிக்கு நண்டு ஏறும். அதுக்குள்ள வண்டி வேணும். எந்த ஆக்சிலோ போடு, சீக்கிரம் போடு."

"எந்த ஆக்சிலோனா இன்னாமே? இது இன்னா பூ மாலையா, கெடச்சத போட?" என்றார் மாப்பிள்ளை.

"ஒரு தபா போட்டியே, அது எந்த மால?"

அவர் மூஞ்சி சுருங்கிவிட்டது. அவள் சும்மா வாயாடுகிறாள் என்று எனக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்திருந்தாள். தெருவில் ஒரு லாரி போனாலும் அவள் தோள் தூக்கிப் போட்டது. ஆனாலும் ஓட்டமாட்டேன் என்று மட்டும் அவள் வாயில் வரவில்லை. நான் மனசுக்குள் ஒன்று முடிவு பண்ணி வைத்தேன். இன்னொரு தடவை அந்த வண்டியில் ஒரு திருகாணி முறிந்தாலும் சரி, இவள் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. நண்டு வியாபாரம் என்னோடு போகட்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை மணலில் குச்சியால் கோடு போட்டு எனக்கு விளக்கினார். 

"அத்தை, நம்ம ஆக்சில்ல ஷாப்டுதான் சக்கரத்த சுத்துது. அதே ஷாப்டுதான் வண்டி பாரத்தையும் தாங்குது. பழைய இஞ்சினுக்கு அது போதும், இந்த இஞ்சின் முறுக்குக்கு தாங்கல. இப்ப கனமான ஷாப்டு தனியா செஞ்சு விக்கிறாங்க. கெட்டி இரும்பு. அப்டியே உள்ள போய் உக்காந்துக்கும். வெட்ட வேணாம், வெல்டிங் வேணாம், வண்டி ஓட்டமும் கொறையாது."

"அது முறிஞ்சா?"

"முறியாது அத்தை."

"முறிஞ்சா இன்னா ஆவும்னு கேட்டேன்."

கையைத் துணியில் துடைத்தார். கறையே இல்லாத கை. "முறிஞ்சா... சக்கரம் வெளிய வந்துரும். அதுல வேற வழி இல்ல."

"வேற சாதி ஆக்சில் கிடையாதா?"

"கீது. பாரம் ஏத்துற வண்டிங்களுக்கு வர்றது. அதுல பாரத்த ஹவுசிங், அதான் வெளிக்கூடு, தாங்கிக்கும். சக்கரம் ஹவுசிங் முனையில ரெண்டு பேரிங்ல உக்காந்துருக்கும். ஷாப்டு உள்ளாற சும்மா சுத்தி வுடுறதோட சரி. ஷாப்டு முறிஞ்சாலும் சக்கரம் அங்கயே நிக்கும், பிரேக்கும் புடிக்கும்."

எனக்கு அது உடனே விளங்கிற்று. ஏரியில் கோல் ஊன்றிப் படகு தள்ளுகிறோம். பாரத்தைத் தாங்குவது படகு, கோல் தள்ளுவதோடு சரி. கோல் முறிந்தால் படகு முழுகாது, நின்ற இடத்தில் நிற்கும். முந்தி இருந்த ஆக்சில், கோலின் மேலேயே ஏறி உட்கார்ந்து போகிற மாதிரி.

"அப்புறம் இன்னாத்துக்கு யோசன? அதப் போடுங்க."

"அது மலை மாதிரி கனம் அத்தை. அகலமும் ஜாஸ்தி, சக்கரம் வெளிய துருத்திக்கும். கிரவுன்ல, அதான் ஷாப்ட சுத்துற பல்சக்கரத்துல, பல்லு கணக்கு வேற. இழுவை வரும், ஓட்டம் போயிடும். புதுசா கெடைக்காது, பழசுதான் தேடணும். பழச எவன் ஓட்டுனானோ, எவ்ளோ பாரம் ஏத்துனானோ, யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. ஒன்று புதுசு, கெட்டி, ஆனால் முறிந்தால் மகள் போனாள். மற்றது முறிந்தாலும் சக்கரம் நிற்கும், ஆனால் பழசு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. நண்டை வயிற்றில் அமுக்கிப் பார்த்தால் சதையா தண்ணீரா என்று சொல்லிவிடுவேன். இரும்பை எங்கே அமுக்குவது?

நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். பட்டணத்தில் பழைய வண்டிச் சாமான் விற்கிற தெருவுக்கு மூன்று பேருமாகப் போனோம். தெரு முழுக்க எண்ணெய் வாடை. கதவு, கண்ணாடி, இஞ்சின் எல்லாம் கசாப்புக் கடையில் தொங்குவது போலத் தொங்கின. மாப்பிள்ளைக்குத் தெரிந்த பாய் ஒருவர் கடையில் இரண்டு சாதியும் இருந்தது.

ஒரு பக்கம் நம் காருக்குப் பொருந்துகிற ஆக்சில், புது ஷாப்டு போட்டு முழு செட்டாக, கறுப்புப் பெயிண்டில் மினுமினுவென்று கிடந்தது. இன்னொரு மூலையில் பாரவண்டி ஆக்சில் ஒன்று. உடம்பெல்லாம் செம்பழுப்பாகத் துரு.

எனக்குக் கால் அந்தப் பக்கமே போகவில்லை. மகளும் மூக்கைச் சுளித்தாள். உப்புக் காற்றில் வாழ்கிறவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் இரும்பு பழுப்பு நிறம் காட்டினால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். நங்கூரத்தைத் தட்டினால் அப்பளம் மாதிரி உதிரும். மாப்பிள்ளைகூட அதைத் தாண்டிப் போய்க் கறுப்பு ஆக்சிலின் மேல் கை வைத்தார். நானும் அதைத்தான் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. 

"இதையே எடுத்துக்கலாம், பாக்க லட்சணமா கீது," என்றேன்.

பாய் சிரித்தார். "இன்னா ஆயா, பளபளன்னு கீதுனு கட்டிக்கப் போறியா? பெயிண்ட் அடிச்சா நான்கூட புது மாப்ளதான்."

"யாருக்கு ஆயா? உங்க வூட்டுல போய் ஆயானு கூப்புடு."

"தப்புதான் அக்கா, மன்னிச்சுக்க."

"அக்கானு சொன்னா மட்டும் வெல கொறைப்பியா?"

"அது நடக்காது. ஆயான்னே சொல்லிக்கிறேன்."

மகள் சிரித்துவிட்டாள். சக்கரம் கழன்ற பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

பாய் ஒரு அரத்தை எடுத்து அந்தத் துருப்பிடித்ததின் மேல் இரண்டு இழுப்பு இழுத்தார். பழுப்புத் தூள் உதிர்ந்து, உடனே வெள்ளையாகப் பளிச்சென்று இரும்பு தெரிந்தது. "மழைல கெடந்த துரு. தோல்தான். உங்க ஊர் துரு உப்புத் துரு, எலும்புவரைக்கும் போவும். ரெண்டையும் ஒண்ணா பாக்காத."

அவர் சொன்னது நிஜமா, மூலையில் கிடக்கிறதைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை குனிந்து, மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பல் ஒவ்வொன்றையும் விரலால் தடவினார். சக்கரம் மாட்டுகிற ஹப்பைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். ஷாப்டை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். 

"பல்லு நல்லாதான் கீது. ஷாப்டு கணக்கு சொல்ல முடியாது." 

மறுபடி கறுப்பு ஆக்சிலிடம் வந்து நின்றார். மனசு அதில்தான் இருந்தது. அந்தக் காரின் ஓட்டம் அவருக்குப் பிள்ளை மாதிரி.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு முதல் தடவை அலையைத் தாண்டும்போது, இது நல்ல படகு என்று வாய் திறந்து சொன்னவர் அதில் ஏற வேண்டும். மரப்படகுக் காலத்தில் மரம் பார்த்துச் சொன்னவர் ஏறுவார். இப்போது ஃபைபர் படகு, அச்சில் வார்த்துக் கொடுக்கிறவர் ஏறுகிறார். ஏறமாட்டேன் என்றால் அந்தப் படகை யாரும் வாங்கமாட்டார்கள்.

"மாப்ளே," என்றேன். "எது நல்லதுனு நீங்களே சொல்லுங்க. நான் பேச மாட்டேன். சொன்னவங்க மொத ஓட்டத்துல ஏறணும். நம்ம வழக்கம்."

"ஏறுறேன் அத்தை, அதுல இன்னா."

"அவ ஓட்டுவா. நீங்க பக்கத்துல. எந்த எடத்துல முறிஞ்சுதோ அதே ரோட்டுல, அதே வேகத்துல. கறுப்பா, பழுப்பா? சொல்லுங்க."

அவர் கறுப்பு ஆக்சிலைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். அவள் எங்களைக் கவனிக்காத மாதிரி ஒரு பழைய ஆரனை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏறுவேன் அத்தை," என்றார் கடைசியில். "கறுப்புல நான் ஏறுவேன். அவள ஏத்த மாட்டேன்."

"அப்போ?"

"பழுப்பையே கட்டச் சொல்லுங்க."

அதைக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் வீடு இரண்டுபட்டது. ஹவுசிங் அகலம். சக்கரம் இரண்டு பக்கமும் நண்டுக் கொடுக்கு மாதிரி துருத்தி நின்றது. மாப்பிள்ளை தகரத்தை வெட்டி, மேலே வளைவு வைத்து மூடினார். ஸ்பிரிங் பட்டை உட்காருகிற இடம் வேறாக இருந்ததால் அறுத்து மாற்றிப் பற்றவைத்தார். பற்றவைத்த இடம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தூக்கம் போயிற்று. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். "இன்னா, காரா, ஏர் ஓட்டுற டிராக்டரா?" என்றார் எதிர் வீட்டுக்காரர். ஹவுசிங் உள்ளே காற்று போகிற சின்னக் குழாயை மாப்பிள்ளை நீட்டி மேலே தூக்கிக் கட்டினார். சூடான ஆக்சிலோடு தண்ணீரில் இறங்கினால் அது தண்ணீரை உறிஞ்சி உள்ளே எண்ணெய் மோர் மாதிரி ஆகிவிடுமாம். நாங்களோ படகுக்குப் பக்கத்தில் வண்டியைத் தண்ணீரிலேயே இறக்கிக் கூடை ஏற்றுகிறவர்கள். பழைய ஆக்சில் எண்ணெயை எடுத்தபோது அது மோராகத்தான் இருந்தது என்று அப்போதுதான் சொன்னார். 

"முன்னாடியே சொல்லியிருந்தா தண்ணில எறக்கியிருக்க மாட்டேன் இல்ல?" என்று மகள் கத்தினாள். 

"தண்ணில எறக்குறவ கேட்டுட்டு எறக்கணும்," என்று அவர் கத்தினார். நான் இரண்டு பேருக்கும் சோறு போடவில்லை.

அமாவாசைத் தண்ணீர் வந்தது, நண்டும் வந்தது. கூடைகளை ஏற்றிக்கொண்டு விடிந்தபின் கிளம்பினோம். மகள் ஸ்டியரிங்கில், மாப்பிள்ளை பக்கத்தில். பின்னால் கூடைகளுக்கு நடுவில் ஒரு பலகையில் நான்.

"நீ எதுக்கும்மா?" என்றாள்.

"நானும் கறுப்பு வேணாம்னு சொன்னவதானே."

"நீ கறுப்புதானே கேட்ட, லட்சணமா கீதுனு?"

"வண்டிய எடுடி."

பொன்னேரி வரை அடியிலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டபடி வந்தார். 

"கிரவுன் சத்தம். பழகாத பல்லு. ஒண்ணும் இல்ல." ஒண்ணும் இல்லை என்று அவர் சொல்லும்போதெல்லாம் என் கை கூடையின் விளிம்பை இறுக்கிற்று. டீக்கடையில் நிறுத்தி, இறங்கிப் போய், புறங்கையால் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. 

"இளஞ்சூடு. சரியா கீது."

பெரிய ரோட்டில் ஏறினோம். ஒரு லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. போன தடவை சக்கரம் போன முள்ளுக்காடு வந்துவிட்டது. அவள் கழுத்து விறைத்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. லாரியைத் தாண்ட வலப்பக்கம் எடுத்து மிதித்தாள். என் முதுகு கூடையில் சாய்ந்தது.

'டொக்.'

இஞ்சின் ஊளையிட்டது. வண்டி இழுக்கவில்லை. பக்கத்தில் லாரி, அதன் சக்கரம் என் தலை உயரத்துக்கு. பின்னால் எவனோ ஆரனை அமுக்கி எடுக்கவே இல்லை. நான் இடது ஜன்னலைப் பார்த்தேன். சக்கரம் வரும் என்று பார்த்தேன். சாமி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை, சக்கரம், சக்கரம் என்றுதான் வாய் முணுமுணுத்தது.

சக்கரம் வரவில்லை. வண்டியின் பின்புறம் இறங்கவில்லை. "பிரேக்க மெதுவா புடி, புடி, லாரி போவட்டும்," என்று மாப்பிள்ளை அடிக்குரலில் சொன்னார். பிரேக் பிடித்தது. லாரி முன்னால் போயிற்று. அவள் கை காட்டி, இடப்பக்கம் வாங்கி, ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். நான்கு காலும் தரையில் ஊன்றி நின்றது வண்டி.

யாரும் இறங்கவில்லை. கூடைக்குள் நண்டுகள் கரகரவென்று சுரண்டுகிற சத்தம் மட்டும்.

மாப்பிள்ளைதான் முதலில் இறங்கினார். சக்கரத்தின் நடுவிலிருந்த போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கி கூடப் போடாமல், நின்ற சக்கரத்துக்குள்ளிருந்து ஷாப்டை உருவினார். பாதிதான் வந்தது. முறிந்த இடத்தில் ஒரு ஓரம் மட்டும் கறுத்திருந்தது, மற்றதெல்லாம் புது வெள்ளை. "முன்னாடியே கீறல் வுட்டிருந்துருக்கு," என்றார். "எவன் எவ்ளோ பாரம் ஏத்துனானோ." பிறகு என்னைப் பார்த்தார். "இந்த ஹவுசிங்குக்கும் கெட்டி ஷாப்டு புதுசா செய்றாங்க அத்தை. அத வாங்கியிருக்கணும். செலவு பாத்துட்டேன்."

முறிந்தாயிற்று. மனசில் போட்டு வைத்திருந்த முடிவு நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இனி நீ ஓட்ட வேண்டாம், போதும்.

காட்டூர்க்காரர் ஒருவர் கீரைக்கட்டு ஏற்றிய சின்ன வண்டியில் வந்தார். மகள் நடுரோட்டில் கை நீட்டி மறித்தாள். 

"நண்டா? என் கீரைய மேஞ்சுடும்மா," என்றார். 

"கொடுக்க கட்டிக்கீது அண்ணே. கீரைய மேஞ்சா காசு நான் குடுக்குறேன், கூடைக்கு எடம் வுடுங்க." 

கூடை ஒவ்வொன்றாக மாறியது. அவளே தூக்கினாள். ஒரு கூடைகூடச் சாயவில்லை.

கடைசிக் கூடையை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். சக்கரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், என் வயிற்றில் பிறந்தவள். நான் வாயைத் திறக்குமுன் கதவுக்குள் கையை விட்டுச் சாவியை உருவி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கெட்டி ஷாப்டு வாங்கி வை," என்றாள் புருஷனிடம். "ரெண்டு பக்கத்துக்கும்."

அவள் கூடைகளோடு ஏறிக்கொள்ள, கீரைவண்டி கிளம்பிற்று. நான் அவளைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை.